தென்கிழக்கு பார்த்த கம்பங்கள்

1980-களின் தொடக்கத்தில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் டி.வி. வாங்கியவர்கள் ஆண்டெனாவை வடக்கே திருப்பவில்லை. திருப்பியும் பயனில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் அலை அவ்வளவு தூரம் வராது. கம்பங்கள் தென்கிழக்கு பார்த்து நின்றன. அந்தத் திசையில், கடலுக்கு அப்பால், இலங்கையின் மிக உயரமான மலை பீதுருதலாகலை. ஜப்பான் அரசின் உதவியோடு உருவாகி 1982 பிப்ரவரி 15 முதல் ஒளிபரப்பிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்கு அந்த உச்சியில்தான் கோபுரம்.

கூரைமேல் நின்ற ஆண்டெனாவும் ஜப்பான்காரர் மூளையில் உதித்ததே. ஹிடெட்சுகு யாகியும் ஷின்டாரோ உடாவும் 1926-இல் உலகுக்குச் சொன்ன வடிவம் அது.

ஆண்டெனா கடையில் கிடைத்துவிடும். கம்பம் நிறுத்துவதுதான் வேலை. ஜி.ஐ. பைப்பைத் தடித்தது கீழே, மெலிந்தது மேலே என ஒன்றுக்குள் ஒன்று செருகி, போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஓட்டு வீடென்றால் அடியைத் தரையில் ஊன்றி, சுவரோரம் கிளாம்ப் அடிப்பார்கள். மாடி வீடென்றால் கைப்பிடிச் சுவரே துணை. அதன்பின் ஸ்டே கம்பி: மூன்று பக்கமும் ஒரே இடைவெளியில், உயரம் கூடினால் இரண்டு அடுக்கு. இதில் கைப்பக்குவம் வேண்டும். தளர விட்டால் காற்றில் ஆண்டெனா திரும்பிவிடும். முறுக்கி இழுத்தால் பைப் வில்லாக வளையும். வசதியாக இருக்கிறதே என்று தென்னை மரத்தில் கட்டியவர்களுக்கு, மரம் ஆடும்போதெல்லாம் படமும் ஆடியது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு கம்பியைத் தின்றது.

அலையைப் பெருக்கும் பூஸ்டரைக் கம்பத்தின் உச்சியில், ஆண்டெனாவுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். கீழே டி.வி. பக்கத்தில் வைத்தால், வழியில் வயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். மேகம் கறுத்தால் வயரைப் பிடுங்கி வைப்பது பல வீடுகளில் வழக்கமானது.

இத்தனை பாடுபட்டும் கணக்கு இடிக்கிறது. 2,524 மீட்டர் உயர மலையிலிருந்து கிளம்பும் அலை, பூமியின் வளைவு மறிப்பதற்குள் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். 50 அடிக் கம்பம் கூட்டித் தருவது இன்னொரு 16 கிலோமீட்டர். ராமேஸ்வரமோ அந்த மலையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். தூத்துக்குடி அதைவிடத் தள்ளி. மீதித் தூரத்தைக் கடல்தான் கடத்தியது. நீர்ப்பரப்பை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் வெப்பமான வறண்ட காற்று படியும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து, அந்த அடுக்குக்குள்ளேயே ஓடும். அடுக்கு நிலைத்தால் கண்ணாடிபோலப் படம். பலத்த காற்றில் கலைந்தால் புள்ளிகளும் இரைச்சலும். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருக, “போயிருச்சு, போயிருச்சு, பழையபடி வை” என்று கீழிருந்து குரல் வந்ததற்குப் பல நாள் காரணம் கம்பமே அல்ல. கம்பத்தைத் திட்டுவது எளிது, அவ்வளவுதான்.

1984-இல் தூர்தர்ஷன் நாடு முழுவதும் சிறு ஒளிபரப்பு நிலையங்களை மளமளவென்று திறந்தது. கொடைக்கானலிலும் பிறகு கோபுரம் எழுந்தது. ஆண்டெனாக்கள் மெல்ல உள்நாட்டுப் பக்கம் திரும்பின. 1990-களில் கேபிள் வந்ததும் பல கம்பங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அடுத்து வந்த டிஷ்ஷுக்கு உயரமே வேண்டாம். 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கும் செயற்கைக்கோளைப் பார்க்க, மறைப்பில்லாத மொட்டை மாடித் தரையும் நாலு போல்ட்டும் போதும்.