டெட்ரா பேக்

டெட்ரா பேக் என்பது பால், பழச்சாறு போன்ற திரவ உணவுகளை அடைத்து விற்கப் பயன்படும் அட்டை உறை. அதை உருவாக்கிய சுவீடன் நிறுவனத்தின் பெயரும் அதுவே. உறையைச் செய்தல், நிரப்புதல், மூடுதல் ஆகிய மூன்று வேலைகளையும் நிற்காத ஒரே ஓட்டத்தில் முடித்தது இதன் தனிச்சிறப்பு.

பின்னணி

டெட்ரா பேக்கை நிறுவிய ரூபன் ரவுசிங் 1920 வாக்கில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் கடைகளை அங்கே கண்ட அவர், அம்முறை ஐரோப்பாவுக்கும் வரும் என்று கணித்தார். 1929இல் எரிக் ஆக்கர்லுண்டுடன் சேர்ந்து பொட்டலத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மாவும் சர்க்கரையும் எளிதில் பொட்டலத்துக்கு மாறின. பால் மட்டும் கண்ணாடிப் பாட்டிலிலேயே இருந்தது. பாட்டில் கனமானது, உடையக்கூடியது. திரும்பப் பெற்றுக் கழுவியாக வேண்டும்.

நான்முகி உறை

1944இல் அந்நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றிய எரிக் வாலன்பெர்க் ஒரு வழி கண்டார். தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைத் தட்டையாக அழுத்தி, மறுமுனையை அதற்குக் குறுக்காக அழுத்தினால் நான்கு முக்கோணப் பக்கங்கள் கொண்ட நான்முகி கிடைக்கும். அடித்துண்டும் மேல்மூடியும் தனியே வேண்டியதில்லை, தாளும் வீணாவதில்லை. பால் நிறைந்த குழலை, பால்மட்டத்துக்குக் கீழேயே அழுத்தி ஒட்டினால் உள்ளே காற்று தங்காது. சாசேஜ் செய்யும் முறையிலிருந்து இந்த யோசனையைத் தந்தவர் ரவுசிங்கின் மனைவி எலிசபெத் என்று நிறுவன வரலாறு கூறுகிறது.

தாள் ஊறாமல் காக்கவும், சூட்டில் ஒட்டவும் பாலித்தீன் பூச்சு கைகொடுத்தது. 1951இல் டெட்ரா பேக் தனி நிறுவனமானது. 1952இல் லுண்ட் நகரப் பால் பண்ணைக்கு முதல் இயந்திரம் சென்றது. அதில் 100 மி.லி. பாலாடை உறைகள் தயாராயின.

செங்கல் வடிவம்

நான்முகி தாளை மிச்சப்படுத்தினாலும், அடுக்குவதற்கு அறுகோணக் கூடைகள் தேவைப்பட்டன. 1963இல் வந்த செங்கல் வடிவ டெட்ரா பிரிக், லாரியிலும் கடை அலமாரியிலும் இடைவெளியின்றி அடங்கியது. வடிவம் மாறியபோதும், நிறைந்த குழலை மூடும் அடிப்படை முறை மாறவில்லை.

கிருமிநீக்கம்

1960களில் கிருமிநீக்கிய உறைகள் பரவின. பாலைச் சில விநாடிகள் 135 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் குளிர்விப்பார்கள். உறையைத் தனியே கிருமிநீக்கி, தூய சூழலில் நிரப்புவார்கள். உள்ளிருக்கும் மெல்லிய அலுமினியத் தாள் ஒளியையும் ஆக்சிஜனையும் தடுக்கிறது. இதனால் பிரிக்காத உறையில் பால் குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. இந்தியாவில் 1985இல் வந்த ஃப்ரூட்டி மாம்பழ பானம் இவ்வுறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

மதிப்பீடு

தாளும் பாலித்தீனும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சி கடினம். தாள் ஆலைகளில் நீரில் கலக்கி நாரைப் பிரிக்கலாம். எஞ்சுவதைக் கூரைத் தகடாக்கலாம். ஆனால் உறைகளைத் தனியே சேகரிக்கும் ஏற்பாடு இருந்தால்தான் இவை நடக்கும். உறைக்கு ஆகும் செலவைவிட அது மிச்சப்படுத்துவது அதிகமாக இருக்க வேண்டும் என்பது ரவுசிங்கின் கொள்கை. குப்பையைக் கையாளும் செலவையும் அக்கணக்கில் சேர்ப்பதே இன்றைய வடிவமைப்பாளரின் கடமை.