சுற்றுலாவின் பொருளும் உடப்புக் கடற்கரையும்

ஒரு துறையைக் கற்கப் புகுவோர் அத்துறைக்கு வழங்கும் பெயரை முதலில் ஆராய்தல் நன்று. மேலைமொழிகளில் சுற்றுலாவைக் குறிக்கும் சொல், கடைசற் கருவியையும் அது வரையும் வட்டத்தையும் உணர்த்தும் பழைய கிரேக்க, இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. புறப்பட்ட இடத்துக்கே மீளும் பயணம் என்பது அதன் உட்பொருள். ஈழத்தில் நெடுங்காலம் உல்லாசப் பிரயாணம் என்னும் தொடரே பெருவழக்காய் இருந்தது. அது பயணத்தின் நோக்கத்தைச் சொல்கிறது. சுற்றுலா என்னும் சொல்லோ பயணத்தின் போக்கைச் சொல்கிறது. சுற்றி வருதலும் உலாப் போதலும் அதில் அடங்கும்.

உலா என்பது தமிழருக்குப் புதிய சொல் அன்று. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலா முதலாக, ஒட்டக்கூத்தரின் மூவருலா ஊடாக வளர்ந்த சிற்றிலக்கிய வகைக்கு அதுவே பெயர். அவ்விலக்கியத்தில் இறைவனோ வேந்தனோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் காண்பர். உலாப் போகின்றவன் காணப்படுவான், ஊர் காணும். இக்காலச் சுற்றுலாவிலோ இம்முறை தலைகீழாயிற்று. உலாப் போகின்றவன் காண்கிறான், ஊர் காணப்படுகிறது. இம்மாற்றத்தால் ஊருக்கு நேர்வது யாது என்பதே சுற்றுலாவைக் கற்போர் முதலில் எழுப்ப வேண்டிய வினா. புத்தளம் மாவட்டக் கடற்கரையிலுள்ள உடப்பு அவ்வினாவைத் தெளிவாக எழுப்பும் ஊர்களில் ஒன்றாகும்.

சுற்றுலா ஒரு தொழிலாய் அமைந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. 1841ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள் தோமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லோபரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை, ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணத்தில், புகைவண்டியில் அழைத்துச் சென்றார். அத்தொழிலை ஒரு கல்வித்துறையாக நோக்கும் முயற்சி பிந்தியே எழுந்தது. 1929இல் பேர்லினில் குளுக்ஸ்மன் சுற்றுலா ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1942இல் சுவிற்சர்லாந்து அறிஞர்களான ஹுன்சிக்கர், கிராப் ஆகிய இருவரும் புகழ்பெற்ற வரைவிலக்கணம் ஒன்றை வகுத்தனர். ஓரிடத்துக்கு உரியர் அல்லாதார், அங்கே நிலையாய்க் குடியேறாமலும் ஊதியத் தொழில் புரியாமலும், சென்று தங்குவதால் விளையும் நிகழ்ச்சிகளினதும் உறவுகளினதும் தொகுதியே சுற்றுலா என்பது அதன் சாரம். உறவு என்னும் சொல் இங்கு ஊன்றி நோக்கற்பாலது. உறவுக்கு இருபாலார் வேண்டும். வந்தவரை மட்டும் ஆராய்ந்தால் பாதி உறவே புலனாகும்.

எனினும், பின்வந்த வரைவிலக்கணங்கள் எண்ணுதற்கு வசதியாகவே பெரிதும் அமைந்தன. 1963இல் ரோமாபுரியில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, 24 மணி நேரமேனும் தங்குவோரைச் சுற்றுலாப் பயணி எனவும், அதனினும் குறுகிய நேரம் தங்குவோரை நாட்பயணி எனவும் பிரித்தது. 1993இல் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்ற வரைவிலக்கணம், தமது வழக்கமான வாழ்சூழலுக்கு வெளியே ஓராண்டுக்கு மேற்படாமல் சென்று தங்குவோரின் செயல்களைச் சுற்றுலா என்றது. ஓய்வோடு தொழில் முதலிய பிற நோக்கங்களும் அதில் இடம்பெற்றன. வரவேற்கும் மக்களின் பக்கம் ஆராய்ச்சியாளர் நோக்கு பரவலாகத் திரும்பியது 1970களிலேயாம். 1977இல் வலேன் ஸ்மித் என்னும் மானிடவியலாளர் தொகுத்து வெளியிட்ட நூல், விருந்தளிப்போர், விருந்தினர் என்னும் இருதிறத்தாரையும் தன் தலைப்பிலேயே கொண்டிருந்தது.

இலங்கையிலும் எண்ணிக்கையே முன்நின்றது. 1937இல் அரசு ஒரு பயணப் பணியகத்தை அமைத்தது. போர்க்காலத்தில் மூடப்பட்ட அது 1948இல் மீண்டும் இயங்கியது. 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உல்லாசப் பயணச் சபையைத் தோற்றுவித்தது. அவ்வாண்டு இந்நாட்டுக்கு வந்த பயணிகள் 18,969 பேர். 1982இல் அத்தொகை 4 இலட்சத்தைக் கடந்தது. 1983இன் வன்செயல்களும் தொடர்ந்த போரும் அதனை வீழ்த்தின. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய தொகை, 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின் மீண்டும் சரிந்தது. இத்தொகைகள் நாட்டின் வருவாயை அறியத் துணைபுரியும். ஓர் ஊரின் நிலையை அறிய அவை போதா.

அவ்வாறான ஓர் ஊரை இனி நோக்குவோம். சிலாபத்துக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்பும் சூழ அமைந்தது உடப்பு. இங்கு வாழும் தமிழ் இந்துக்கள் தம் முன்னோர் இராமேசுவரத்தை அடுத்த இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோர் எனக் கூறுவர். இவ்வூரே ஒரு பயணத்தின் விளைவு என்பது அம்மரபின் பொருள். வந்தவர் திரும்பவில்லை, வட்டம் முற்றுப்பெறவில்லை, பயணம் குடியாயிற்று.

இக்கரையோரம் பண்டுதொட்டே பயணிகளை அறிந்தது. 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குச் செல்லப் புறப்பட்ட மொறோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா, காற்றின் போக்கால் இலங்கைக் கரையை அடைந்தார். அவர் பத்தாளா எனக் குறிக்கும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொள்ள வல்லவன். வந்தவரை மூன்று நாள் விருந்தினராய் வைத்துப் பேணினான். அவர் வேண்டுவது யாது என மன்னன் வினவ, ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்று விடையிறுத்தார். மன்னன் பல்லக்கு ஒன்றை அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான். அக்குழு சிலாபம் எனக் கருதப்படும் பந்தர் சலாவாத்து வழியாகச் சென்றது. புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட அவ்வழி, இன்றைய உடப்பின் அண்மையாகவே சென்றிருத்தல் வேண்டும்.

இந்நிகழ்ச்சியில் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, வந்தவரின் விருப்பத்தை நாட்டுக்குரியவன் கேட்டறிந்தான். இரண்டாவது, வழிகாட்டியோர் கூலிக்கு வாய்த்தவரல்லர். தாமே அவ்வழியில் யாத்திரை செய்து பழகியோர். மூன்றாவது, இசுலாமியப் பயணி ஒருவரை இந்து யோகியர் அழைத்துச் சென்றனர். ஒரே மலையை இருவரும் வெவ்வேறு நம்பிக்கையோடு வணங்கினர். விருந்தினனும் விருந்தளிப்போனும் ஒருவரை ஒருவர் அறிந்து நடந்த பயணம் இது.

சங்கத் தமிழரும் இம்முறையை அறிந்திருந்தனர். ஆற்றுப்படை நூல்களில், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புவோன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறியோனுக்கு வழியும் ஊரும் உணவும் கூறி அவனை ஆற்றுப்படுத்துவான். சிறுபாணாற்றுப்படையில், நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் பாணர்க்கு நுளையர் மனையின் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும் எனச் சொல்லப்படுகிறது. ஆங்கே கடற்கரை வாழ்நர் காட்சிப் பொருள் அல்லர், விருந்தளிக்கும் இல்லறத்தார்.

இப்பின்னணியில் உடப்பின் ஆடித் திருவிழாவை நோக்குதல் பொருந்தும். திரௌபதையம்மன் கோயிலில் பாரதக் கதையைத் தழுவிப் பதினெட்டு நாள் நிகழும் இவ்விழா தீமிதிப்பில் நிறைவெய்தும். விரதம் காத்து நேர்த்திக்கடன் தீர்ப்போர் தழலில் இறங்குவர். பிற ஊர்களிலிருந்து வழிபட வருவோரும் உளர். பார்க்க வருவோரும் உளர். இவர்களுள் சுற்றுலாப் பயணி யார்? வெளியூரில் தொழில் செய்து விழாவுக்காகத் தாயகம் திரும்பும் உடப்பு மகனுக்கு இவ்வூர் வழக்கமான வாழ்சூழலா, அன்றா? மாலையில் வந்து தீமிதிப்பைக் கண்டு இரவே மீள்வோர் 1963இன் கணக்கில் சுற்றுலாப் பயணியே அல்லர். ஆயினும் ஊர் அவர்களுக்கும் நீரும் நிழலும் இடமும் அளிக்கிறது. அடியார்க்கு அது விழா. பார்ப்போர்க்கு அது காட்சி. இவ்வேறுபாட்டைக் காணாத கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் குறையுடையதே.

வழிபாட்டினும் நுண்ணிய சிக்கல் தொழிலில் உண்டு. உடப்பு கரைவலைக்குப் பேர்பெற்றது. சம்மாட்டியின் தோணி வலையைக் கடலில் வளைத்து விட, கரையில் நிற்போர் இருபுறமும் கயிற்றைப் பற்றி அம்பாப் பாடல் பாடி இழுப்பர். அதற்கு நீண்ட வெறுங்கரை வேண்டும். வலை இழுக்கும் அக்கரைப் பகுதியைப் பாடு என்பர். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இம்மேற்குக் கடல் கொந்தளிக்கும். அது தணிந்தபின், ஏறத்தாழ ஐப்பசி முதல் பங்குனி வரை, கரைவலைக்கு உகந்த காலமாகும். வடக்கே கற்பிட்டிக் கடலில் ஓங்கில் மீன்களைக் காணப் பயணிகள் வரும் காலமும் அதுவே. அமைதியான கடலை மீனவனும் பயணியும் ஒரே பருவத்தில் வேண்டுகின்றனர். கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளை உள்ளடக்கி வகுக்கப்பட்ட சுற்றுலாத் திட்டம், காணியும் கரையும் பற்றிய மீனவரின் எதிர்ப்பை எழுப்பியது. பயணிக்கு மணற்கரை வெற்றிடமாய்த் தோன்றலாம். வலை இழுப்போனுக்கு அது தொழிற்களம். அங்கே ஒரு வேலி எழுந்தால் ஒரு பாடு அழியும். பாடு அழிந்தால் அம்பாப் பாடல் மேடையில் மட்டுமே எஞ்சும்.

சுற்றுலா தீது என்பது இதனாற் பெறப்படுவதன்று. அயலாரின் வருகையால் வருவாயும் அறிவும் நட்பும் விளைதல் கூடும். இபுன் பதூதாவின் குறிப்புகள் இல்லையேல், பதினான்காம் நூற்றாண்டு ஆரியச்சக்கரவர்த்தி ஒருவன் தன் விருந்தினனோடு உரையாடிய காட்சி நமக்குக் கிட்டியிராது. ஆயின் வருவோரை எண்ணுவதோடு அமையும் கல்வி நிறைவான கல்வியாகாது. எந்தக் கரை எவருடைய பாடு, எந்த மாதம் எத்தொழிலுக்குரியது, விழாவின் எப்பகுதி அயலார் காணத்தக்கது, எப்பகுதி அடியார்க்கே உரியது என்பவற்றை ஊராரிடமே கேட்டு எழுதுதல் அக்கல்வியின் முதற்கடன். உல்லாசப் பயணத்துறை வகுக்கும் திட்டங்களுக்கு முன்பாக இவ்வேடு அமைதல் வேண்டும். பின்பு அமைவது இழந்தவற்றின் பட்டியலாகவே முடியும்.

அன்று மன்னன் விருந்தினனிடம், நீ வேண்டுவது யாது எனக் கேட்டான். இன்று விருந்தினரும் திட்டம் வகுப்போரும் அதே வினாவை ஊரிடம் கேட்க வேண்டிய காலம் வந்துள்ளது. அவ்வினாவுக்கு உடப்பு போன்ற ஊர்கள் தரும் விடையைச் செவிமடுக்கும் போதே சுற்றுலாவியல் உறவுகளைப் பற்றிய கல்வி என்னும் பெயருக்கு உரியதாகும்.