பொங்கலூர் இரண்டு: ஒரு தரவுக் கோப்பின் பாடபேதம் குறித்து

எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தின் கர்த்தாவாகிய ரிச்சர்டு ஹிப், தம் படைப்பின் ஸ்தானம் இன்னதென்று விளக்கப் புகுந்த இடத்தில், அது பெரிய சேவையகத் தரவுத்தளங்களோடு போட்டியிட வந்ததன்று என்றும், ஒரு நிரல் தன் குறிப்புகளை வட்டில் எழுதிவைக்கக் கோப்பொன்றைத் திறக்கும் ‘எஃப்-ஓப்பன்’ என்ற எளிய அழைப்போடுதான் அதற்குப் போட்டி என்றும் கூறியிருப்பது இத்துறையில் பிரசித்தம். கைப்பேசி முதல் உலாவி வரை எஸ்கியூலைட் புகாத இடமில்லை என்ற நிலை வந்த பிறகு, இந்த அபிப்பிராயம் ஆராய்ச்சி செய்யாமலே ஒப்புக்கொள்ளப்படும் சித்தாந்தமாகிவிட்டது. அதன்படி, எஸ்கியூலைட் வருவதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது உருவமற்ற வெறும் பைட்டுகளின் குவியல். அதற்கு அட்டவணை என்னும் உருவத்தைத் தந்தது இந்நூலகம். பல்லடம் வட்டாரத்தில் என் கைக்குக் கிடைத்த ஒரு கோப்பைப் படித்தபின் இந்த வம்சாவளியை என்னால் ஏற்க இயலவில்லை.

முதலில் கர்த்தாவின் வாக்கை அவரது சொந்தச் சரித்திரத்தோடு ஒட்டிப் பார்ப்போம். அவர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘ஆஸ்கர் ஆஸ்டின்’ என்னும் நாசகாரிக் கப்பலுக்கான மென்பொருள் வேலையில் இருந்தார். அங்கே தரவுகளைக் காத்துவந்தது இன்ஃபார்மிக்ஸ் என்னும் சேவையகம். அது படுத்துவிட்டால், கணினி பழுதின்றி இருந்தும் திரையில் தரவுத்தளத்தோடு தொடர்பு இல்லை என்ற செய்தி மட்டும் நிற்கும். நடுவே சேவையகம் இல்லாமலே வட்டிலிருந்து நேராகப் படித்தால் என்ன என்ற எண்ணம் அந்தச் சலிப்பில் பிறந்தது. ஆகவே, கருவுற்ற காலத்தில் எஸ்கியூலைட்டின் எதிரே நின்றது ஒரு சேவையகமேயன்றிக் கோப்பைத் திறக்கும் அழைப்பு அன்று. 2000 ஆகஸ்டில் வந்த முதற்பதிப்புங்கூட வெறுங்கோப்பின் மேல் எழும்பவில்லை. ஜிடிபிஎம் என்ற முந்தைய கோப்பு மேலாண்மை நூலகத்தின் தோள்மீது நின்றது. தனக்கென ஒரு பி-மரம் கிடைத்தது 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான். மேலும் அது டிசிஎல் மொழிக்குத் துணைநூலகமாகப் பிறந்தது; எதையும் எழுத்துச் சரமாகவே கொள்வது அம்மொழியின் சம்பிரதாயம். எண்ணுக்குரிய பத்தியில் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வது அந்தத் தாய்வீட்டுப் பழக்கமே என்பது என் கருத்து. 2021இல் ‘ஸ்டிரிக்ட்’ அட்டவணைகள் வந்த பின்னரும், கேட்டவருக்கு மட்டுமே அந்தக் கண்டிப்பு.

இவ்வளவும் அமெரிக்கச் சரித்திரம். ஹிப் சொன்னது அவர் முன்னிலையில் இருந்த நிரலாளர்களுக்குப் பொருந்தும் என்று வாதிடுவோர் உண்டு, பொருந்தட்டும். ஆனால் எஸ்கியூலைட் வந்து இறங்கிய ஊர்களெல்லாம் அவர் முன்னிலையில் இருந்தவை அல்ல.

பல்லடத்தைச் சுற்றிலும் விசைத்தறியும் கறிக்கோழியும் பிழைப்பாக இருப்பதை எவரும் அறிவர். கறிக்கோழியில் ஒப்பந்த முறையே பிரதானம்: நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும், விவசாயி தம் கொட்டகையில் ஆறு வாரம் போல வளர்த்துக்கொடுத்து, எடைக்கேற்ப வளர்ப்புக் கூலி வாங்குவார். ஒரு பேட்சு குஞ்சு இறக்கினால், இறந்தவை எத்தனை, தின்ற தீவனம் எத்தனை மூட்டை, பிடித்தபோது எடை என்ன என்று நாள்தோறும் கணக்கு வேண்டும். இந்தக் கணக்கு முதலில் பேரேட்டில் இருந்தது. பிறகு ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்புகளுக்குச் சென்றது. அதன்பின் எஸ்கியூலைட்டுக்கு வந்தது. இங்கே எஃப்-ஓப்பன் எங்கே வந்தது? பேரேடும் டிபிஎஃப்பும் உருவமற்ற குவியல்கள் அல்ல. கோடு போட்ட அட்டவணைகள். எந்தப் பத்தியில் எது எழுதப்படும் என்பதும், எது எதற்குச் சமம் என்பதும் அவற்றில் நிர்ணயமாகியிருந்தன. இந்தச் ‘சமம்’ என்ற சொல்லில்தான் என் வாதம் முழுவதும் தங்கியிருக்கிறது.

பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் அழைத்ததன்பேரில் அங்கே சென்றிருந்தேன். “கண்ணு முன்னால பொங்கலூருன்னுதானுங்க இருக்குது, அடிச்சுத் தேடுனா பழைய பண்ணையெல்லாம் இல்லைங்குதுங்க” என்றார். பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் வழியிலுள்ள பொங்கலூர் அது. கோப்பின் நகலொன்றை வாங்கிவந்து, எழுதாமல் படிக்க மட்டுமே திறந்தேன். ஊர்ப் பட்டியலில் பெயர் இருமுறை வரலாகாது என்ற ‘யுனிக்’ கட்டுப்பாடு இருந்தும், பொங்கலூர் இருமுறை இருந்தது. இத்தனை நாள் எவர் கண்ணிலும் படாததற்குக் காரணம், வரிசைப்படுத்திக் காட்டும்போதும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கவில்லை. நடுவில் பேரூர் உட்கார்ந்திருந்தது.

இரு பெயரையும் ‘லெங்த்’ என்னும் சார்பால் அளந்தேன். ஒன்று 9 என்றது. மற்றொன்று 10 என்றது. பைட்டுகளில் எண்ணினால் 27, 30. இரண்டாம் இடத்திலிருந்த குறியீட்டின் எண்ணைக் கேட்டபோது முதலாவது 3018 என்றது. மற்றொன்று 3014 என்றும், அதற்கடுத்த இடத்தில் 3006 என்றும் விடை தந்தது. விஷயம் வெளியாயிற்று. யூனிகோடில் ஒகரக் குறிக்கு 3018 என்ற ஒற்றை எண் உண்டு. ஒற்றைக்கொம்பாகிய 3014, காலாகிய 3006 என்னும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாலும் திரையில் அதே ‘பொ’தான் தோன்றும். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி கூறுகிறது. எஸ்கியூலைட்டோ அந்த விதியைப் படித்ததில்லை. அதன் இயல்பான ஒப்பீடு ‘பைனரி’. பைட்டுக்குப் பைட்டு ஒத்தால் சமம், இல்லையேல் வேறு. 3014க்கும் 3018க்கும் இடையே ஏகாரக் குறியின் 3015 கிடப்பதே பேரூர் நடுவில் வந்ததற்கும் காரணம்.

இதைப் பாடபேதம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. சுவடி ஆராய்ச்சியில் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, காலா ரகரமா என்று தவித்தவர்களுக்கு இது பழகிய விவகாரம். ஆனால் ஓலையில் ஐயம் கண்ணுக்குத் தெரிந்தது, இங்கே கண் இரண்டையும் ஒன்றென்கிறது, கோப்பு இரண்டென்கிறது. தம் படைப்பின் பெயரைக் கல்லின் பெயரைப் போல ‘எஸ்-கியூ-எல்-ஐட்’ என்று உச்சரிக்க வேண்டும் என்று ஹிப் விளையாட்டாகச் சொல்வதுண்டு; கல்வெட்டுப் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது.

காரணம் எழுதியவரின் பிழையாக இருக்கலாமே எனின், பிற ஊர்களைப் பார்க்க வேண்டும். கொடுவாயும் கோடங்கிபாளையமும் இதேபோல் இரட்டித்திருந்தன. கேத்தனூரும் கரடிவாவியும் சூலூரும் ஒற்றையாகவே இருந்தன. இரட்டித்தவை அனைத்தும் கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் ஒகர ஓகாரப் பெயர்கள். ஒற்றையாக நின்றவற்றில் அப்படிப்பட்ட குறியே இல்லை. எழுத்துப்பிழை இவ்வளவு இலக்கணம் பார்த்து நிகழாது.

அப்படியானால் பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? டிபிஎஃப் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பார்வைக்கு எப்படியோ அப்படியே சேமித்தன: முதலில் கொம்பு, பிறகு பகரம், பிறகு கால். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் நிரல், கொம்பைத் தூக்கிப் பகரத்துக்குப் பின்னால் வைத்தாக வேண்டும். அப்படி வைத்தபின் காலோடு சேர்த்து ஒரே குறியாக்கும் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டால், கிடைப்பது சரியாக 3014, 3006 என்ற இந்தப் பிரிந்த வடிவமே. ஆகவே அது டிபிஎஃப்பிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தபோது விழுந்த தழும்பு என்று நான் கொள்கிறேன். 1999இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையில் பகரத்தை அடுத்து ஒகரத்தை அடித்தால் சேர்ந்த வடிவமே வரும். அந்த இளைஞர் அடிப்பது அப்படித்தான். முன்பொருநாள் யாரோ பொங்கலூரைத் தேடிக் காணாமல் புதிதாகச் சேர்த்திருக்கிறார், கட்டுப்பாடும் தடுக்கவில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் கொம்பு, பகரம், கால் என்று தனித்தனியாகவே அடிப்பர். அவர்களுக்காக எழுதப்பட்ட விசைப்பலகை நிரலும் இதே பிரிந்த வடிவத்தை இட்டிருக்கக்கூடும். அதை முற்றிலும் தள்ள என்னிடம் நேர்ச் சான்று இல்லை. ஆனால் வரிசை எண்கள் எனக்குச் சாதகமாக இருக்கின்றன. எஸ்கியூலைட் ஒவ்வொரு வரிக்கும் உள்ளே ஓர் எண் தருகிறது. புதிய வரிக்குப் பெரும்பாலும் இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டிய எண். பிரிந்த வடிவங்கள் எல்லாம் பட்டியலின் தொடக்கத்தில், ஊர்ப்பெயர்கள் அகரவரிசையில் நிற்கும் ஒரே அடுக்கில் கிடந்தன; சேர்ந்த வடிவங்கள் அதன்பின் வரிசையின்றிச் சிதறியிருந்தன. மனிதர் உட்கார்ந்து தட்டியிருந்தால் ஊர்கள் பண்ணை சேரச்சேர வந்திருக்குமே தவிர அகரவரிசையில் வந்திரா. கோப்பை ‘வேக்யூம்’ செய்தால் இந்த எண்கள் மாறுமே என்பர். மாறினாலும் வரிகள் பழைய முறையிலேயே பிரதி செய்யப்படுவதால் முன்பின் கெடுவதில்லை. ஆயினும், அகரவரிசையில் அமைந்த காகிதப் பட்டியலைப் பார்த்துத் தட்டச்சர் ஒருவர் அடித்திருந்தால் என் வாதம் அவ்விடத்தில் தளரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலத்தைப் பற்றி. ஹிப்பின் மூலநிரலில் 2006 அக்டோபர் 31 என்று நாள் குறித்த ஒரு குறிப்பு உண்டு: ஒரு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இந்நூலகத்தைப் பயன்படுத்தி, மக்களின் கணினிகளில் அதன் பெயர் தாங்கிய தற்காலிகக் கோப்புகளை இட, எரிச்சலுற்றவர்கள் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து நள்ளிரவில் நிரலாளர்களை எழுப்பினராம், அதனால் அக்கோப்புகளின் பெயர் முன்னொட்டைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதினர். நம் கோப்பில் அப்படி நாள் பொறித்தவர் எவருமில்லை. முதல் பதினாறு பைட்டுகளில், மெய்க்கீர்த்திபோல், ‘எஸ்கியூலைட் ஃபார்மேட் 3’ என்ற வாசகம் எல்லாக் கோப்பிலும் ஒன்றே. அது 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் வம்சம் என்பதற்குமேல் ஒன்றும் கூறாது. கடைசியாக எழுதிய நூலகம் 3.7.17 என்று தலைப்பகுதி சொல்கிறது. அது 2013 மே மாதத்து வெளியீடு. கோயிலைக் கடைசியாகத் திருப்பணி செய்தவர் பெயர் கிடைத்தது. கட்டியவர் பெயர் கிடைக்கவில்லை. அமைப்பு எண் 1 என்றிருப்பது ஒரு பிடி: 2012 ஜனவரியில் வந்த 3.7.10 முதல் புதிய கோப்புகளுக்கு இயல்பாக 4 இடப்படுவதால், இது அதற்கு முன் தோன்றியது என்று கொள்ள இடமுண்டு. பழைய நூலகத்தைத் தன்னுள் வைத்திருந்த ஏதோ மென்பொருள் பின்னாளிலும் அதை உண்டாக்கியிருக்கலாம் என்பதால் ‘இடமுண்டு’ என்பதோடு நிறுத்துகிறேன்.

மாவட்டப் பத்தி இதைவிடச் சுவையானது. பிரிந்த பொங்கலூருக்கு எதிரே ‘கோவை’ என்றும், சேர்ந்த பொங்கலூருக்கு எதிரே ‘திருப்பூர்’ என்றும் இருக்கிறது. பல்லடம் வட்டாரம் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது 2009 பிப்ரவரியில். ஆகவே முதல் வரி அதற்கு முன்னது என்று துள்ளத் தோன்றும். ஆனால் அந்தக் ‘கோவை’ டிபிஎஃப் எழுதப்பட்ட காலத்தைக் காட்டுமேயன்றி, மாற்றிக் கொண்டுவந்த காலத்தைக் காட்டாது. போதாததற்கு, இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் வாய்தவறிக் கோவை மாவட்டம் என்பர். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்ததை ஒட்டி, அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டதைக் கொண்டு மாற்றத்தை அவ்வாண்டில் நிறுத்த நண்பர் ஒருவர் விரும்பினார். கோழிப்பண்ணைக் கணக்கர்கள் அரசாணை பார்த்து எழுத்துரு மாற்றியதாக நம்ப என் மனம் இடம் கொடுக்கவில்லை. மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டும் நெகிழ்ச்சியாகவே நிற்கின்றன.

இப்போது ஹிப்பிடம் மீள்வோம். பேரேட்டில் சமம் என்பது கணக்கரின் கண். டிபிஎஃப்பில் சமம் என்பது பைட்டு. ஆனால் அங்கே சேமிப்பும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றாதலால், கண் சொன்னதையே பைட்டும் சொன்னது. யூனிகோடு வந்து தோற்றத்தைச் சேமிப்பிலிருந்து பிரித்தது. எஸ்கியூலைட்டோ டிபிஎஃப்பின் பைட்டு ஒப்பீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த ஒப்பீட்டைச் செல்லத்தக்கதாக்கிய நிபந்தனை மறைந்துபோன உலகத்தில் வாழ்கிறது. யூனிகோடு முழுவதற்கும் பெரிய, சிறிய எழுத்து பேதம் பாராத ஒப்பீட்டுக்கான அட்டவணைகளைச் சேர்த்தால் நூலகம் ஏறத்தாழ இருமடங்கு பருத்துவிடும் என்பது அதன் ஆக்கியோர் சொல்லும் சமாதானம். வேண்டியவர் ஐசியு என்னும் யூனிகோடு நூலகத்தின் இணைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். நியாயமான சமாதானமே. ஆனால் எஃப்-ஓப்பனின் வாரிசுக்கு இந்தச் சமாதானமே தேவைப்பட்டிராது. வெறும் பைட்டுக் குவியலிடம் இரண்டு பொங்கலூரும் ஒன்றா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் துணிந்தது, பேரேட்டிடமும் டிபிஎஃப்பிடமும் கேட்டுப் பழகியவர்கள். இந்த ஒரு கோப்பைக்கொண்டு நாடு முழுவதற்கும் விதி வகுக்க நான் முயலவில்லை; இவ்வட்டாரத்துக்கு ஹிப்பின் வம்சாவளி பொருந்தாது என்பதே என் முடிபு.

கோப்பைச் செப்பனிட்ட விதத்தையும் கூறிவிடுகிறேன். 3014, 3006 என்ற இணையை 3018 ஆகவும், 3015, 3006 என்பதை 3019 ஆகவும் மாற்றும் ஒரு வரியை இளைஞரின் கணினியில் ஓட்டியவுடன், அதுவரை வாய்திறவாதிருந்த ‘யுனிக்’ கட்டுப்பாடு மீறப்பட்டது என்று சொல்லி வேலை நின்றது. இரண்டும் ஒன்றாகும் அக்கணத்தில்தான் அதற்கு இரண்டாம் பொங்கலூர் கண்ணில் பட்டது. பழைய பொங்கலூரின் பண்ணைகளைப் புதியதன்கீழ் மாற்றி, பழைய வரியை நீக்கி, இரட்டித்த மற்ற ஊர்களுக்கும் அவ்வாறே செய்து, மீண்டும் ஓட்டினோம். “இப்பப் பூராம் வந்திருச்சுங்க” என்றார் அவர். நீக்கிய வரியின் எதிரே இருந்த ‘கோவை’ போயிற்று. திருத்தாத நகல் என்னிடம் இருக்கிறது.