கெட்டித்த துவக்கும் கெட்டித்தவனின் கையும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

போன வாரம் வரலாறு பாடத்தில் பிரித்தானியர் காலத்து 'சிலோன் றைபிள்' படையைப் பற்றிப் பேச்சு வந்தது. "சேர், றைபிளுக்கும் சும்மா துவக்குக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கரும்பலகையில் ஒரு குழாயை வரைந்து, அந்தக் காலத்துத் துவக்கு எதுவாக இருந்தாலும் மருந்தும் குண்டும் வாய்ப்பக்கமாகத்தான் உள்ளே போகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தியது.

"சேர், அது மாதிரி ஒண்ணு எங்க பக்கத்துக் காட்டுல கட்டி வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் விறகுக்குப் போகாதன்னு அம்மா சொன்னாங்க."

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. என் பாடமும் அதோடு நின்றது. அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லில் இருந்து தொடங்குவோம். துவக்கு, துப்பாக்கி இரண்டுமே துருக்கி மொழி வழியாக நம்மிடம் வந்த சொற்கள். சிங்களத்திலும் அது 'துவக்குவ'தான். 1505இல் போர்த்துக்கீசர் கொழும்பில் வந்து இறங்கியபோது, அவர்களுடைய பீரங்கிச் சத்தத்தைக் கேட்டு மக்கள் மலைத்துப்போனதை 'ராஜாவலிய' என்ற சிங்கள நூல் சொல்கிறது. ஆனால் மலைத்தவர்கள் மலைத்தபடியே இருந்துவிடவில்லை. சில தலைமுறைக்குள் இந்நாட்டுக் கொல்லர்களே துவக்குச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சிங்களத் துவக்குகளில் ஒரு தனி அடையாளம் உண்டு. மற்ற நாட்டுத் துவக்குகளில் நெருப்பு மூட்டும் பொறி வலப்பக்கம் இருக்கும். இங்கே செய்தவற்றில் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். 1765இல் கண்டி அரண்மனையில் ஒல்லாந்தர் கொள்ளையடித்த 6 பொருட்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தது ஞாபகம் இருக்கும். அவற்றில் லெவ்கே திசாவையின் சிறு பீரங்கியோடு 2 பெரிய துவக்குகளும் இருந்தன. கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுங்கள்.

அடுத்தது அந்த றைபிள் படை. இது நமது சமூகத்தோடும் தொடர்புள்ள கதை. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்த மலாய் முஸ்லிம் வீரர்களை, பிரித்தானியர் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1803இல் கண்டியில் பிரித்தானியப் படை சரணடைந்தபோது, மன்னனின் பக்கம் சேர மறுத்ததற்காக மலாய்க் கப்டன் நூரதீனும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டார்கள். பின்னர் 1827இல் அந்தப் படைக்கு 'சிலோன் றைபிள் றெஜிமென்ட்' என்று பெயர் வந்தது. 1873இல் அது கலைக்கப்பட்டது. கலைந்தவர்களில் பலர் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மலைநாட்டு மலாய்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். சாதாரணத் துவக்கின் குழாய் உள்ளே வழுவழுப்பாக இருக்கும். றைபிளின் குழாய்க்குள் சுருள் சுருளாகக் கோடு வெட்டியிருக்கும். குண்டு அந்தக் கோட்டில் சுழன்று போவதால் நேராகவும் தூரமாகவும் போகும். ஆனால் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்படி குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். அதனால் இடித்து இறக்குவது சிரமம். பழகிய சிப்பாய் சாதாரணத் துவக்கால் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். இறுக்கமான குண்டு போட்ட றைபிளால் 1 அல்லது 2 முறைதான். குண்டு எளிதாக இறங்குவதற்குக் கொழுப்பும் தேவைப்பட்டது. அந்தக் கொழுப்பு மாட்டினதும் பன்றியினதும் என்ற பேச்சுதான் 1857இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. அந்த என்பீல்ட் றைபிளும் வாய்ப்பக்கம் நிரப்புவதே. மருந்தும் குண்டும் சுற்றிய காகிதத்தைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும். அதனால்தான் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் அது ஒரே நேரத்தில் பிரச்சினையானது.

மருந்தை இடித்து நிரப்புவதைப் பழைய தமிழில் 'கெட்டித்தல்' என்பார்கள். கிழக்கிலும் வன்னியிலும் இந்தத் துவக்கை 'இடியன்' என்றே சொல்கிறார்கள். கெட்டிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இன்றும் பல நாடுகளில் பழைய துவக்குகளை விளையாட்டாகச் சுடுகிறவர்கள் அந்த ஒழுங்கை மாற்றுவதில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் விரலோ கண்ணோ போயிருக்கிறது.

முதலாவது, துவக்கைக் கையில் எடுத்ததும் இடிகம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். வெறும் குழாயில் கம்பி எவ்வளவு ஆழம் போகும் என்று அதில் அடையாளம் இருக்கும். அவ்வளவு போகவில்லை என்றால் ஏற்கெனவே கெட்டித்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, மருந்தைக் கொம்பிலிருந்தோ போத்தலிலிருந்தோ நேராகக் குழாய்க்குள் கொட்டுவதில்லை. சிறு அளவுக் குப்பியில் அளந்து, அதிலிருந்துதான் ஊற்றுவார்கள். முந்தின வெடியின் தணல் உள்ளே மிச்சமிருந்தால் குப்பி மருந்தோடு போகும். நேராகக் கொட்டினால் கையிலிருக்கும் முழு மருந்தும் வெடிக்கும். கரிமருந்தைத் தவிர இந்தக் காலத்துத் தோட்டா மருந்தைப் போடுவதும் கிடையாது; பழைய குழாய் அதைத் தாங்காது.

மூன்றாவது, இடிக்கும்போது முகமோ உடம்போ குழாயின் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. கம்பியின் முனையை உள்ளங்கையால் அழுத்தாமல் விரல்களால் பிடித்து இறக்க வேண்டும். குண்டு மருந்தின் மேல் நன்றாக உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் குழாயே வெடிக்கலாம்.

நான்காவதுதான் முக்கியம். நெருப்பு மூட்டுவதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் திரி, பிறகு சக்கிமுக்கிக் கல். நம் ஊர் மூடுபனியில் கல்லுத் துவக்கின் மருந்து ஈரமாகி எத்தனை முறை ஏமாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குறையை நீக்க, தட்டினால் தீப்பிடிக்கும் மருந்தை ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் கொண்டு வந்தார். 1807இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வந்ததுதான் 'கேப்' என்ற சிறு செப்புத் தொப்பி. வாய் இலக்கை நோக்கியிருக்கும்போதுதான், சுடப்போகிறவரே அந்தக் கேப்பை வைப்பார். தட்டியும் வெடிக்கவில்லை என்றால் உடனே எட்டிப் பார்க்கக் கூடாது. தாமதித்தும் வெடிக்கும். ஒரு நிமிடமாவது அதே பக்கம் நீட்டியபடியே நிற்க வேண்டும்.

இந்த ஒழுங்கு குழம்பினால் பயிற்சி பெற்ற சிப்பாயும் தவறுவான். 1863 ஜூலையில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் கிடந்த சுமார் 27,500 துவக்குகளைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 24,000 துவக்குகள் கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியளவில் ஒன்றின் மேல் ஒன்றாக 2 முறை கெட்டித்திருந்தது. போர்ச் சத்தத்தில் தன் துவக்கு வெடித்ததா இல்லையா என்பதுகூடச் சிப்பாய்க்குத் தெரியவில்லை.

நம் மலைக்கு வருவோம். காடு அழிந்து கோப்பித் தோட்டமாக மாறிய காலத்தில் இங்கே வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் வைத்திருந்ததும் இந்த வாய்வழித் துவக்குகளைத்தான். சிலோன் றைபிள் படையின் மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் நாம் பார்க்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். அவருடைய றைபிள் ஒன்று 21 இறாத்தல் எடை. ஒரு வெடி வைத்துவிட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் யானை வந்துவிடும் என்பதால், கெட்டித்த துவக்குகளோடு ஆட்கள் அவருக்குப் பின்னால் நடந்தார்கள்.

பின்பக்கமாகத் தோட்டா போடும் துவக்குகள் வந்ததும் இராணுவம் பழையதைக் கைவிட்டது. கிராமம் கைவிடவில்லை. சேனைப் பயிரைக் காக்க அது போதுமாக இருந்தது. பயிர்க்காரன் பரணில் விழித்திருந்து, பன்றி வந்தால் சுட்டான். அதுவரை கெட்டித்தவனும் சுட்டவனும் ஒரே ஆள்தான். எதைச் சுடுகிறோம் என்று பார்க்க ஒரு கண் இருந்தது. வேண்டாம் என்று நிறுத்த ஒரு விரல் இருந்தது.

கட்டுத்துவக்கு இந்த இரண்டையும் எடுத்துவிடுகிறது. கெட்டித்து, நெருப்புக்கும் தயாராக்கி, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பியோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். மேலே சொன்ன விதிகளில் எதுவும் அங்கே இல்லை. கம்பியைத் தட்டுவது பன்றியா, மான் குட்டியா, சிறுத்தையா, விறகுக்குப் போன தாயா என்று அதற்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால், மனிதனுக்குக் காலிலும் முழங்காலிலும்தான் படும். கால் போனால் கொழுந்து மலையில் ஏறும் வாழ்க்கையும் போகும். கட்டியவனே இருட்டில் இடத்தை மறந்து அடிபடுவதும் நடக்கிறது. இடியனைக் கவனமாகச் சுடலாம். கட்டுத்துவக்கைக் கவனமாகக் கட்ட முடியாது.

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள், பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் கூரைத் தன் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுத் தந்தார்கள், யாருக்கும் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. துவக்கு இல்லாத காலத்தில் சொன்னது. ஆயுதத்தை எடுத்தவன் கைதான் அதற்குப் பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் வகுப்பில் சொல்ல முடியாது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்கிறோம். பாதையில் தொல்லையை நாமே கட்டி வைப்பதை எதில் சேர்ப்பது?

மரக்கறி போடும் சகோதரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரே இரவில் கிழங்குப் பாத்தி முழுவதையும் பன்றி கிளறிப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்கு வேலி இருக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரர்களோடு முறை வைத்துக் காவல் இருக்கிறது. செலவும் தூக்கமும் போகும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கால் அதைவிடப் பெரிது. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாகச் சில விடயங்கள். காட்டில் முழங்கால் உயரத்தில் கம்பியோ நூலோ குறுக்கே கண்டால் தொட வேண்டாம், கழற்றப் பார்க்கவும் வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்புங்கள். பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். பொலிஸுக்கு 119. யாருக்கும் அடிபட்டால், சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பொலிஸுக்குப் பயந்து வீட்டு மருந்து போட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

அந்தப் பிள்ளை யார், எந்தத் தோட்டம் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். வீட்டாரோடு பேசிவிட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தாய்க்கு இடம் தெரிந்திருந்ததால்தான் தன் பிள்ளைக்குச் சொன்னார். மற்றத் தாய்மாருக்கு யார் சொல்வது? உங்களுக்கும் ஓர் இடம் தெரிந்திருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.