வெளியே நிறுத்திய புல்வெளி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரின் புறநகரில் இருக்கிறது ஷோல் கிரீக் கோல்ஃப் கிளப். 1977இல் தொடங்கியவர் தொழிலதிபர் ஹால் தாம்ப்சன். மைதானத்தை வடிவமைத்தவர் ஜாக் நிக்லாஸ். கறுப்பர் ஒருவர்கூட உறுப்பினரில்லை. அப்படியே 1984இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் அங்கு நடந்து முடிந்தது.

1990இல் மறுபடி போட்டி வந்தது. கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று தாம்ப்சன் சொன்னது பத்திரிகையில் வெளியானது. அவர் வருத்தம் தெரிவித்தார், கதவு திறக்கவில்லை. குடியுரிமை இயக்கத்தினர் மறியலுக்குத் தயாரானார்கள். ஐபிஎம், டொயோட்டா நிறுவனங்கள் தொலைக்காட்சி விளம்பரங்களை விலக்கிக்கொண்டன. தோழர்களே, மனசாட்சி அல்ல, பணம்தான் பேசியது. காப்பீட்டு நிறுவனத் தலைவர் லூயிஸ் வில்லி கௌரவ உறுப்பினரானார். ஒரே ஒருவர்!

பாகுபாடு காட்டும் கிளப்களில் இனி போட்டி இல்லையென்று பிஜிஏ டூர் விதி போட்டது. கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட் கிளப்போ போட்டியையே விட்டுக்கொடுத்தது.