எந்த வருஷத்துக் கோடு, தம்பி?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டதும், எல்லோரையும் போல ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதத்தான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம்மிடம் ஆள் நிறைய. லைப்ரரியைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. மதிய லைப்ரரி பீரியடில் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்துத் தூங்கியவர்களில் அடியேனும் ஒருவன். அந்தப் பழைய கடனைத் தீர்க்க இது ஒரு வாய்ப்பு.

நான் 2009-ல் சிவில் முடித்தவன். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டது, சென்னையில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் டிசைன். லைப்ரரியில் 624 வரிசையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தோம். அதிலிருந்த இந்திய வரைபடம் நாட்டை ஐந்து நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்திருந்தது. சென்னை இரண்டாம் மண்டலம். அதை அப்படியே நம்பி, ஸ்டாட் சாப்ட்வேரில் இரண்டாம் மண்டலத்துக்கு உரிய 0.10 என்ற காரணியைக் கொடுத்து, பீம், தூண் எல்லாவற்றுக்கும் சைஸ் போட்டு, டிராயிங் வரை முடித்தாயிற்று.

ரிவ்யூவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்க நூலகரிடம் போனேன். புத்தகத்தைக் கையில் வாங்கியவர், நான் காட்டிய பக்கத்தைப் பார்க்கவில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பினார். "எந்த வருஷத்துக் கோடு, தம்பி இது?" என்றார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "புத்தகத்துல போட்டிருக்கு சார்" என்றேன்.

அவர் எஞ்சினியர் இல்லை. பீரோவைத் திறந்து ஐ.எஸ். 1893 கோடின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம் வந்ததற்கு அடுத்த வருடம் வெளியான பதிப்பு. அதில் மண்டலங்கள் ஐந்தல்ல, நான்கு. சென்னை மூன்றாம் மண்டலத்துக்குப் போயிருந்தது. காரணி 0.16. அதாவது, அதே கட்டடம், அதே எடை, ஆனால் பக்கவாட்டு விசை 60 சதவீதம் கூடுதல்! நாங்கள் போட்ட தூண்களில் பாதி அதைத் தாங்காது. மூன்று இரவு தூங்காமல் எல்லாவற்றையும் திரும்பப் போட்டோம். வைவாவில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று இருக்கவேண்டிய ஒரு மனிதருக்கு இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது? பிற்பாடு கொஞ்சம் நூலக வரலாறு படித்தேன். எஞ்சினியர்களான நமக்குச் சுவையான கதை அது.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். சில நாட்களிலேயே வெறுத்துப்போய், பழைய வேலையையே கொடுங்கள் என்று திரும்பி வந்து நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ஒருவர் மெக்கானோ செட்டை வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே நட்டு போல்ட்டு, ஆனால் சேர்க்கிற விதத்தில் வேறு வேறு பொம்மைகள். அறிவையும் இப்படி மாட்டிக் கழற்றலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் வெளியான கோலன் வகைப்பாடு அதிலிருந்து பிறந்ததுதான். அதில் முக்காற்புள்ளிதான் நட்டு போல்ட்டு. அதில் பொறியியலுக்கு உரிய எழுத்து 'டி'.

1925-ல் ஊர் திரும்பியவர் மாநிலக் கல்லூரிக்குப் போகவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளை மாணவர்களுக்குத் திறந்துவிட்டார். அதைவிட முக்கியமானது, வருகிறவரோடு உட்கார்ந்து பேசி, அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டுபிடிக்கும் ரெஃபரன்ஸ் சேவையை நூலகரின் தலையாய வேலையாக வைத்தார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி. வளர்கிற பொருளில் பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எது எது என்று சொல்ல ஆள் வேண்டும். நம் நூலகர் கேட்டது அந்தப் பரம்பரையில் வந்த கேள்வி என்றே நினைக்கிறேன்.

எஞ்சினியர்கள் தரப்பிலும் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிவில் பேராசிரியர் ஜான் பட்லர் ஜான்சன். புதிய விஷயங்கள் புத்தகத்துக்கு வருமுன் சஞ்சிகைகளில் வந்துவிடுகின்றன, எதில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை என்று பார்த்து, 1884-ல் சங்க இதழில் சிறு குறிப்புகளாக ஒரு பட்டியலைத் தொடங்கினார். எஞ்சினியரிங் இண்டெக்ஸ் என்று பெயர் பெற்று, இன்று காம்பெண்டெக்ஸ் என்று கம்ப்யூட்டரில் தேடப்படுவது அதுதான்.

நம் நாட்டில் இந்த வசதி மெதுவாகத்தான் வந்தது. 1952-ல் டில்லியில் இன்ஸ்டாக் தொடங்கியபின், வேண்டிய கட்டுரையின் நகலைத் தபாலில் வரவழைக்க முடிந்தது. 2003-ல் இன்டெஸ்ட் கூட்டமைப்பு வந்து, மின்னிதழ்களை ஐ.ஐ.டி.களும் மற்ற கல்லூரிகளும் சேர்ந்து வாங்கத் தொடங்கின. 2015-ல் அது இ-சோத்சிந்துவில் கலந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. தனியார் கல்லூரிப் பிள்ளைகளை முதல் கட்டத்தில் வெளியே நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் கட்டும் பாலத்திலும்தானே நாம் போகப்போகிறோம்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் செல்போனில் கேட்டாலே சென்னை எந்த மண்டலம் என்று பதில் வந்துவிடுகிறது. ஐ.எஸ். கோடுகளையும் தரநிர்ணய அலுவலகத் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்களுக்கு அது இல்லை. ஆனால் ஐ.எஸ். 456-ன் 2000-ஆம் ஆண்டுப் பிரதியில், பிறகு வந்த திருத்தச் சீட்டுகளை அந்தந்த இடத்தில் பசை தடவி ஒட்டி வைத்திருந்த நூலகர் ஒருவர் எங்களுக்கு இருந்தார்.

போன வருடம் ஒரு வேலை வந்தது. 1990-களில் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தின் மேல் இன்னும் ஒரு மாடி எழுப்பலாமா என்று கேட்டார்கள். புதுக் கணக்கை 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி போட்டேன். அது சுலபம். பழைய எஞ்சினியர் அந்தத் தூண்களை எதை நம்பிப் போட்டார் என்று தெரிய 1984 பதிப்பு வேண்டியிருந்தது. காரை எடுத்துக்கொண்டு நேரே நம் கல்லூரிக்குப் போனேன். நூலகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பீரோ அதே பீரோ. 2002-க்கும் 2016-க்கும் கீழே 1984 இருந்தது. அட்டையில் சிவப்பு மையில், அவர் கையெழுத்தில், "பழையது. கழிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது.