பாரீஸ் ஒலிம்பிக் 100 மீட்டர்: 0.005 விநாடியில் முடிவான தங்கம்

பாரீஸ் ஒலிம்பிக் போட்டியின் ஆடவர் 100 மீட்டர் ஓட்ட இறுதிச்சுற்று, 2024 ஆகஸ்ட் 4 அன்று ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானத்தில் நடைபெற்றது. அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் ஆகிய இருவருக்கும் 9.79 விநாடிகள் பதிவாகின.

விதிப்படி தலையோ காலோ அல்ல, உடற்பகுதி எல்லைக்கோட்டை எட்டும் கணமே கணக்கில் கொள்ளப்படும். புகைப்பட ஆய்வில் லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789 விநாடிகள் எனத் தெரியவந்தது. புறப்பாட்டில் பின்தங்கியிருந்த லைல்ஸ் தங்கம் வென்றார். அமெரிக்காவின் பிரெட் கெர்லி 9.81 விநாடிகளில் வெண்கலம் பெற்றார்.

கடைசி இடம் பெற்ற ஜமைக்காவின் ஒப்ளிக் செவில் எடுத்துக்கொண்டது 9.91 விநாடிகள். எட்டு வீரர்களும் 10 விநாடிகளுக்குள் ஓடி முடித்தனர். இப்பிரிவில் 2004-ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கா வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் இதுவாகும்.